காகிதம் கேட்காத ஆஸ்பத்திரி

பர்மாவிலிருந்து 1988-ல் தப்பி வந்த ஒரு பெண் டாக்டர், தாய்லாந்து எல்லையில் ஒரு மரக்கொட்டகையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். சில மாத வேலை என்று நினைத்தது, முப்பத்தைந்து வருடங்களைத் தாண்டிவிட்டது.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு, தாங்கள் தினமும் இரண்டு முறை ஒரு மாநில எல்லையைக் கடக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது.

எதிர்த் திசையில் நோயாளிகள் வருகிறார்கள். இடுக்கி மலைக் கிராமங்களிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கி வருகிறவர்கள் உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் ஒரு பழங்குடிப் பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால், ஆம்புலன்ஸ் கோவையை நோக்கி ஓடுவதும் உண்டு. தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று ஐம்பதுகளில் பெரிய போராட்டம் நடந்தது. 1956-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது அவை கேரளத்தோடு போயின. கோடு போட்டாகிவிட்டது. ஆனால் காய்ச்சலில் நடுங்குகிற ஒருவரிடம், நீ கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று எந்த டாக்டரும் கேட்பதில்லை.

ஒரு முறை அந்தக் கோடு சுவராக மாறியது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. தோட்டத்திலிருந்து ஊர் திரும்ப வழி இல்லாமல் காட்டுப்பாதையில் இறங்கிய தேனி மாவட்டத் தொழிலாளர்கள் சிலர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். அந்த மே மாதத்தில், பாஸ் இல்லாமல் வந்த கேரளத்துக்காரர்கள் வாளையாறு சோதனைச் சாவடியில் வெயிலில் காத்துக்கிடந்தார்கள். கையில் ஒரு காகிதம் இல்லாவிட்டால் மனிதனின் மதிப்பு எவ்வளவு என்பதை இந்த மலையோர ஊர்கள் அப்போது கொஞ்சம் தெரிந்துகொண்டன.

நமக்கு அது சில மாதங்களில் முடிந்துபோனது. அந்த நிலைமையே வாழ்க்கையாகிப்போன ஓர் எல்லை இருக்கிறது. பர்மாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவே உள்ள அந்த எல்லையில், கையில் காகிதம் இல்லாத நோயாளிகளுக்கு, தன் கையிலும் காகிதம் இல்லாத ஒரு டாக்டர் 1989 முதல் வைத்தியம் பார்த்து வருகிறார். அவர் பெயர் டாக்டர் சிந்தியா மவுங்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பாங்காக்கிலிருந்து வடமேற்கே சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மேசோட் என்ற ஊர். ஊரை ஒட்டி ஓடும் மோய் ஆறுதான் எல்லை. எதிர்க்கரையில் பர்மாவின் மியாவடி. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் இடுப்பளவு நீரில் நடந்தே கடக்கலாம். 1997-ல் இரு நாடுகளையும் இணைத்து நட்புப் பாலம் கட்டப்பட்டது. ஆனாலும் பாலத்துக்குக் கீழே டயர் டியூபில் உட்கார்ந்து ஆற்றைக் கடப்பவர்கள் குறையவில்லை. பாலத்தில் காகிதம் கேட்பார்கள். டியூபுக்குக் காகிதம் வேண்டாம்.

தமிழர்களுக்கு இந்தப் பிரதேசம் அவ்வளவு அந்நியமானது அல்ல. மேசோட்டுக்குத் தெற்கே, இதே எல்லைக் காட்டில்தான் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில் பாதையைப் போட்டார்கள். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவுக்கும் பசிக்கும் அங்கே பலியானார்கள். பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு, அறுபதுகளில் கடைகளையும் வயல்களையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பெயரைத்தான் சென்னையின் பர்மா பஜார் தாங்கி நிற்கிறது. வந்தவர்களில் சிலர் மனம் தாளாமல் மறுபடியும் பர்மாவுக்குப் போக நடந்து, மணிப்பூர் எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன. இந்தியா, பர்மா, தாய்லாந்தை இணைக்கத் திட்டமிடப்பட்டு இன்னும் முழுமையடையாத சுமார் 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை தொடங்குவது அந்த மோரேயில். அது போய்ச் சேர வேண்டிய ஊர் மேசோட்.

கிராமத்து டாக்டர்

சிந்தியா மவுங் 1959-ல் ரங்கூனில் பிறந்தார். கரேன் இனத்தைச் சேர்ந்தவர். வளர்ந்தது மௌல்மீனில். செட்டியார்களும் அரிசி ஆலைத் தொழிலாளர்களுமாகத் தமிழர்கள் ஒரு காலத்தில் நிறைந்திருந்த அதே மௌல்மீன். கரேன்கள் பர்மாவின் பெரிய சிறுபான்மை இனங்களில் ஒன்று. நாடு சுதந்திரமடைந்த மறு வருடமே, 1949-ல், கரேன் அமைப்பு அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியது. சிந்தியா பிறந்தபோது அந்தப் போருக்கு வயது பத்து.

ரங்கூனில் மருத்துவம் படித்து 1985-ல் பட்டம் பெற்றார். கொஞ்ச காலம் நகர ஆஸ்பத்திரியில் பயிற்சி. பிறகு கரேன் மாநிலத்தில் ஒரு கிராமத்தில் வைத்தியம். அரசு ஆஸ்பத்திரி என்று பெயர்தான் இருந்தது. ஊசியிலிருந்து பஞ்சு வரைக்கும் நோயாளி வெளியே வாங்கி வர வேண்டும். வைத்தியச் செலவுக்கு வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு வந்தவர்களை அந்த இளம் டாக்டர் பார்த்தார். ராணுவத்துக்குச் சுமை தூக்கப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் மலேரியாவோடும் காயங்களோடும் திரும்பி வருவதையும் பார்த்தார்.

1987 செப்டம்பரில் பர்மிய அரசு 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென்று அறிவித்தது. மாற்றிக்கொள்ள வழியும் தரவில்லை. சேமித்து வைத்திருந்த பணம் ஒரே நாளில் குப்பையானது. அடுத்த வருடம் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1988 ஆகஸ்ட் 8 அன்று நாடு முழுவதும் எழுச்சி. டாக்டர்களும் நர்சுகளும்கூட ஊர்வலம் போனார்கள். சிந்தியாவும் தன் கிராமத்து மக்களோடு சேர்ந்துகொண்டார். செப்டம்பர் 18-ல் ராணுவம் ஆட்சியை நேரடியாகக் கையில் எடுத்தது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்று சொல்லப்படுகிறது. கைதுகள் ஆரம்பமாயின.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 21-ல், சிந்தியாவும் சகாக்கள் பதினான்கு பேரும் காட்டு வழியாகக் கிழக்கே கிளம்பினார்கள். அவருக்கு அப்போது வயது 28. பகலில் பதுங்கி, இரவில் நடை. தோள்பையில் கொஞ்சம் மருந்து, சில கருவிகள், ஒரு மருத்துவப் புத்தகம். வழியில் தங்கிய கிராமங்களில் நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். டாக்டர் என்று ஒருவரை அதற்கு முன்பு பார்த்தே இராதவர்கள் அவர்களில் பலர். இருந்த கொஞ்சம் மருந்தும் அங்கேயே கரைந்தது.

அவரோடு வந்தவர்களும், அவருக்கு முன்னும் பின்னுமாக எல்லைக்கு ஓடி வந்த ஆயிரக்கணக்கான மாணவர்களும் ஒரே கணக்குத்தான் போட்டிருந்தார்கள். சில மாதங்களில் ஆட்சி மாறும், ஊர் திரும்பிவிடலாம். அகதியாகப் போன எந்த மனிதனும் போடும் முதல் கணக்கு அது.

சோறு வடிக்கும் குக்கர்

1989 பிப்ரவரியில் மேசோட் ஊருக்கு வெளியே ஒரு பழைய மரக்கொட்டகை கிடைத்தது. மண் தரை. அதுதான் மேதாவ் கிளினிக். கத்தி, கத்தரிக்கோலைக் கிருமி நீக்கக் கருவி எதுவும் இல்லை. சோறு வடிக்கிற மின்சாரக் குக்கரில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். மருந்துக்கு, எல்லையில் வேலை செய்த கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகளிடமும் வெளிநாட்டு டாக்டர்களிடமும் கையேந்த வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் வந்த நோயாளிகள் சுமார் இரண்டாயிரம் பேர்.

அவர்களில் பெரும்பாலானோர் மாணவர்கள். ரங்கூனிலும் மௌல்மீனிலும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று காட்டில் வந்து விழுந்தபோது, ராணுவத்துக்கு முன்னால் அவர்களைப் பிடித்தது மலேரியா. அதிலும் இந்த எல்லையில் இருந்தது சாதாரண மலேரியா அல்ல. குளோரோகுவின் எப்போதோ தோற்றுவிட்டது. அதன் பின் வந்த மெஃப்ளோகுவின் மாத்திரைக்கும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிருமி பழகிவிட்டது. இதே மேசோட்டில் ஷோக்லோ மலேரியா ஆராய்ச்சிப் பிரிவு என்ற அமைப்பு 1986 முதல் அகதிகளிடையே வேலை செய்துகொண்டிருந்தது. சீன மூலிகையிலிருந்து எடுக்கப்பட்ட ஆர்ட்டிசுனேட் மருந்தை மெஃப்ளோகுவினோடு சேர்த்துக் கொடுக்கும் முறையை 1994 முதல் அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை இன்னொரு மருந்து பிடித்துவிடும் என்பது கணக்கு. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவுக்குப் பரிந்துரைத்த கூட்டுச் சிகிச்சைக்கு இந்த அகதிகளின் காய்ச்சல் படுக்கைகள் முக்கியமான பாடசாலையாக இருந்தன.

மாணவர்கள் மட்டுமே நோயாளிகளாக இருந்த காலம் சீக்கிரமே முடிந்தது. 1995 ஜனவரியில் கரேன் அமைப்பின் தலைமையகமான மானெர்ப்ளா ராணுவத்தின் கையில் விழுந்தது. கிராமம் கிராமமாக மக்கள் ஆற்றைக் கடந்தார்கள். கடந்து வந்தும் நிம்மதி இல்லை. மேசோட்டுக்கு அருகில் இருந்த ஹ்வே காலோக் முகாமை 1997-லும் 1998-லும் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் தீ வைத்துக் கொளுத்தினார்கள். இன்னொரு பக்கம், பிழைப்புத் தேடி வந்து மேசோட்டின் தையல் ஆலைகளிலும் சோள வயல்களிலும் குறைந்த கூலிக்கு வேலை பார்த்த பர்மியர்கள். தாய்லாந்து 2001-02-ல் கொண்டுவந்த முப்பது பாட் மருத்துவத் திட்டம் உலகம் பாராட்டியது. ஆனால் அது தாய்லாந்துக் குடிமக்களுக்கு. காகிதம் இல்லாத தொழிலாளி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பணம் கட்ட வேண்டும். வழியில் போலீஸ் பிடித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். மேதாவ் கிளினிக்கில் யாரும் காகிதம் கேட்கவில்லை.

மருத்துவம் படிக்காத மருத்துவர்கள்

கொட்டகை வளர்ந்து வளாகமானது. குழந்தைகள் பிரிவு, பிரசவப் பிரிவு, கண், பல், ரத்த வங்கி, பரிசோதனைக்கூடம் என்று ஒவ்வொன்றாக வந்தன. அதன் உச்சகட்ட ஆண்டுகளில் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை நோயாளிகள் பார்க்கப்பட்டார்கள். வருடத்துக்கு 2,000-க்கு மேல் பிரசவங்கள் நடந்தன. வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தாய்லாந்தில் வசிப்பவர்கள். மீதிப் பேர் வைத்தியத்துக்காகவே பர்மாவிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தவர்கள்.

இவ்வளவு பேரை ஒரு டாக்டர் எப்படிப் பார்க்க முடியும்? சிந்தியா செய்த முக்கியமான காரியம் இதுதான். டாக்டர்கள் வருவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. அகதிகளுக்குள்ளேயே படிக்கத் தெரிந்த இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, சுகாதார ஊழியர்களாக ஆக்கினார். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிப்பது, குளுகோஸ் ஏற்றுவது, பிரசவம் பார்ப்பது, காயத்துக்குத் தையல் போடுவது. பட்டம் இல்லாத இந்த ஊழியர்கள்தான் கிளினிக்கின் கையும் காலும். விடுமுறையில் வந்து உதவும் வெளிநாட்டு டாக்டர்கள் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அந்த டாக்டர்களே, இவ்வளவு மலேரியாவை நாங்கள் எந்தக் கல்லூரியில் பார்த்தோம் என்று அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டும் போனார்கள். தங்களால் முடியாத கேஸ்களை மேசோட் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, செலவைக் கிளினிக் ஏற்றுக்கொள்ளும்.

செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்று அங்கே இருக்கிறது. கண்ணிவெடியில் காலை இழந்தவர்களே அங்கே மற்றவர்களுக்குக் கால் செய்து கொடுக்கிறார்கள். கண்ணிவெடிகளைத் தடை செய்யும் 1997-ம் வருட ஒப்பந்தத்தில் பர்மா சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை. 2023-ம் ஆண்டில் மட்டும் பர்மாவில் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக 1,003 பேர் பதிவாகியிருக்கிறார்கள். அந்த வருடம் உலகிலேயே அதிகமான எண்ணிக்கை அது.

ஆற்றைக் கடந்து வர முடிந்தவர்கள் ஒருவிதத்தில் அதிர்ஷ்டசாலிகள். வர முடியாதவர்களை என்ன செய்வது? 1997-ல் ராணுவத் தாக்குதலில் கரேன் பகுதிக்குள் இருந்த சிறு கிளினிக்குகள் அழிந்தன. கட்டடம் கட்டினால்தானே எரிக்க முடியும்? கிளினிக்கை முதுகில் கட்டிக்கொண்டு போனால்? 1998-ல் அப்படிப் பிறந்தவைதான் முதுகுப்பை சுகாதாரக் குழுக்கள். ஒரு குழுவில் மூன்று முதல் ஐந்து பேர். பையில் மருந்து, கட்டுத்துணி, பிரசவக் கருவிகள். ஒரு குழுவுக்குச் சுமார் 2,000 மக்கள். ஊர் காட்டுக்குள் ஓடினால் குழுவும் கூடவே ஓடும். சில குழுக்களோடு தொடங்கி, பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்களானது. கண்ணிவெடியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் இந்தக் குழுக்கள் தங்கள் ஆட்களை இழந்திருக்கின்றன.

இவர்கள் மருந்தோடு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோனார்கள். எந்த ஊரில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை இறந்தன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். 2006-ல் வெளியிட்ட அறிக்கையில் அவர்கள் சொன்ன கணக்கு, கிழக்குப் பர்மாவின் போர்ப் பகுதிகளில் ஐந்தில் ஒரு குழந்தை ஐந்தாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை என்பது. எந்த அரசும் எடுக்காத கணக்கை, அந்த அரசு துரத்தியவர்கள் எடுத்தார்கள்.

பிறந்ததற்கு அத்தாட்சி

பர்மிய ராணுவ அரசு சிந்தியாவைத் தலைமறைவுக் குற்றவாளி என்றது, கிளர்ச்சிக்காரி என்றது, அபின் கடத்தும் பயங்கரவாதி என்றும் சொன்னது. உலகம் வேறுவிதமாகப் பார்த்தது. 1999-ல் ஜோனதன் மான் விருது. 2002-ல் ராமன் மகசேசே விருது. எம்.எஸ். சுவாமிநாதனும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் பெற்ற அதே விருது. 2013-ல் சிட்னி அமைதிப் பரிசு. இத்தனைக்கும் நடுவில், பல ஆண்டுகள் அவர் எந்த நாட்டின் பாஸ்போர்ட்டும் இல்லாதவராகவே இருந்தார். சொந்த நாட்டில் தேடப்படுபவர். இருக்கும் நாட்டில் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர். அவரது ஊழியர்களில் பலருக்கு அந்த அனுமதிகூட இல்லை. கிளினிக் வாசலைத் தாண்டி வெளியே போனால் கைது செய்யப்படலாம் என்ற பயத்தோடுதான் வேலை பார்த்தார்கள்.

அதனால்தானோ என்னவோ, கிளினிக் காகிதத்தின் அருமையை நன்றாக உணர்ந்திருந்தது. அகதிப் பெண்ணுக்கு வயலோரக் குடிசையில் பிறக்கும் குழந்தைக்கு எந்த அத்தாட்சியும் இருக்காது. பர்மாவும் தன் குழந்தை என்று சொல்லாது, தாய்லாந்தும் சொல்லாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும், வேலைக்குப் போகும்போதும், போலீஸ் நிறுத்தும்போதும் அந்தக் குழந்தை எந்த நாட்டையும் சேராததாகவே இருக்கும். மேதாவ் கிளினிக் தன்னிடம் பிறந்த குழந்தைகளுக்கு, இன்ன நாளில் இன்ன தாய்க்கு இங்கே பிறந்தது என்று எழுதிக் கொடுத்தது. தாய்லாந்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளின் பிறப்பையும், பெற்றோர் யாராக இருந்தாலும், பதிவு செய்ய வழிசெய்யும் சட்டத் திருத்தம் 2008-ல் வந்தது. குடியுரிமை கிடைக்காது. ஆனால் பிறந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும். கிளினிக் எழுதிக் கொடுத்த காகிதம் அந்தப் பதிவுக்கு முதல் படியானது. ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1995-ல் ஆரம்பித்த பள்ளிக்கூடமும் அகதிக் குழந்தைகள் பலருக்கு எழுத்தறிவித்தது.

தாய்லாந்து அரசு இதையெல்லாம் ஏன் அனுமதித்தது? அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. காசநோயும் மலேரியாவும் பாலத்தில் பாஸ்போர்ட் காட்டி வருவதில்லை. ஆற்றோரத்தில் ஒருவர் சிகிச்சை பெறாமல் இருந்தால் அந்த நோய் மேசோட் கடைத்தெருவுக்கு வர அதிக நாள் ஆகாது. கிளினிக் இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். சட்டம் கண்ணை மூடிக்கொண்டது. மருத்துவ அதிகாரிகள் தடுப்பூசித் திட்டங்களில் கிளினிக்கோடு சேர்ந்தே வேலை செய்தார்கள்.

அகதிகள் பற்றிய 1951-ம் வருட சர்வதேச ஒப்பந்தத்தில் தாய்லாந்து கையெழுத்திடவில்லை. இந்த இடத்தில் நாம் விரல் நீட்ட முடியாது. இந்தியாவும் கையெழுத்திடவில்லை. 1983 முதல் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. அவர்களுக்கு நம் அரசு ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் கிடைக்கிறது. அந்த வகையில் மேசோட் தொழிலாளியைவிட அவர்கள் நிலைமை மேல். ஆனால் முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களுக்கும், நீ எந்த நாட்டுக்காரன் என்ற கேள்விக்கு எளிதான பதில் இல்லை. சில மாதங்கள் என்று நினைத்து வந்த கணக்கு அங்கேயும் தப்பித்தான் போனது.

மறுபடியும் 1988

2011-க்குப் பிறகு பர்மாவில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. ஏற்கெனவே விடுதலையாகியிருந்த ஆங் சான் சூச்சி நாடாளுமன்றத்துக்கே போனார். போர்நிறுத்தப் பேச்சுகள் நடந்தன. வெளிநாட்டு நன்கொடையாளர்கள், இனிமேல் பணத்தை நாட்டுக்குள்ளேயே கொடுக்கலாமே என்று எல்லையிலிருந்து கையை எடுக்க ஆரம்பித்தார்கள். நியாயமாகப் படும் யோசனைதான். ஆனால் நோயாளிகள் எல்லையை விட்டுப் போகவில்லை. கிளினிக் செலவைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. போர் நடக்கும்போது அகதியைப் பார்க்க உலகம் வரும். போர் ஓய்ந்ததுபோலத் தெரிந்தால் அகதி கண்ணுக்கு மறைந்துவிடுவான்.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது. முதலில் வேலையை விட்டு வெளியேறியவர்கள் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களும் நர்சுகளும். ராணுவத்தின் கீழ் வேலை செய்ய மாட்டோம் என்று அவர்கள் ஆரம்பித்த ஒத்துழையாமை மற்ற துறைகளுக்கும் பரவியது. பதிலுக்கு டாக்டர்களைத் தேடித் தேடிக் கைது செய்தார்கள். பலர் காட்டு வழியாகக் கிழக்கே நடந்து எல்லைக்கு வந்தார்கள். தோளில் பை, பையில் கொஞ்சம் மருந்து, மனதில் சில மாதக் கணக்கு. முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் இளம் டாக்டர் நடந்து வந்த அதே காடு. அந்தப் புதிய டாக்டர்களில் சிலர் பிறந்தபோது, மேதாவ் கிளினிக்குக்கு வயது ஏழோ எட்டோ ஆகியிருக்கும்.

அதன் பின் நாடு முழுவதும் போர். உள்நாட்டிலேயே வீடிழந்தவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். 2024 ஏப்ரலில் மியாவடியிலேயே சண்டை நடந்தது. குண்டுச் சத்தம் மேசோட் தெருக்களில் கேட்டது.

அடுத்த அடி வந்தது வாஷிங்டனிலிருந்து. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தது. தாய்லாந்து எல்லையில் ஒன்பது முகாம்களில் சுமார் ஒரு லட்சம் பர்மிய அகதிகள் இருக்கிறார்கள். அந்த முகாம் ஆஸ்பத்திரிகள் பல அமெரிக்கப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சில நாட்களுக்குள் மூடச் சொல்லிவிட்டார்கள். நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனை நம்பியிருந்த மூதாட்டி ஒருவர், வீட்டுக்கு அனுப்பப்பட்ட சில நாட்களில் மூச்சுத் திணறி இறந்தார். தாய்லாந்து அரசு டாக்டர்கள் முகாம்களுக்குப் போய்ச் சமாளிக்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் தாய்லாந்து அமைச்சரவை ஒரு முக்கியமான முடிவெடுத்தது. முகாம் அகதிகள் வெளியே போய்ச் சட்டப்படி வேலை பார்க்கலாம் என்று அனுமதித்தது. நாற்பது வருடங்களாக மற்றவர்கள் கொடுத்ததை மட்டுமே உண்ண அனுமதிக்கப்பட்டவர்கள், இனித் தாங்களே சம்பாதித்துச் சாப்பிடலாம்.

நன்கொடையில் ஓடும் ஆஸ்பத்திரியின் பலவீனம் இந்தச் சம்பவங்களில் பளிச்சென்று தெரிகிறது. எங்கோ ஒரு தலைநகரில் ஆட்சி மாறினால், இங்கே ஒரு கிழவியின் மூச்சு நிற்கிறது. மேதாவ் கிளினிக்கும் நன்கொடையில்தான் ஓடுகிறது. ஆனால் அது இத்தனை வருடங்களில் சேர்த்து வைத்ததில் பணம் மிகச் சிறிய பங்கு. மைக்ராஸ்கோப்பில் மலேரியாவைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கண்கள், பிரசவம் பார்க்கப் பழகிய கைகள், கால் செய்யத் தெரிந்த காலிழந்தவர்கள், பையைத் தூக்கிக்கொண்டு மலையேறும் குழுக்கள். பணத்தை ஓர் உத்தரவில் நிறுத்தலாம். கற்றுக்கொண்டதை யாரும் திரும்ப வாங்க முடியாது. சோறு வடிக்கும் குக்கரில் ஆரம்பித்தவர்களுக்கு அது தெரியும்.

குமுளியில் இன்றும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் எல்லையைக் கடக்கும். ஏறி உட்கார்ந்தவர்களின் பையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். பாஸ்போர்ட் இருக்காது. அதே நேரத்தில் மோய் ஆற்றின் கரையில், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் டயர் டியூபில் ஏறிக்கொண்டிருக்கலாம். அவளிடமும் பாஸ்போர்ட் இல்லை. கரையேறி எங்கே போக வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.